ஒரு பாகைக்குள் ஒரு முகம்

ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் ஒளிப்படத் தொகுப்பு ஒன்று 1858இல் வெளியாயிற்று. படங்களை எடுத்தவர், சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப். இன்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் கடத்தூரும் அன்று அந்தச் சேலம் மாவட்டத்துக்குள்தான் அடங்கியிருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். அது பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே உணரும். செம்மண்ணும் பச்சிலையும் அதில் இருண்டுவிடும். வானமோ வெற்று வெள்ளையாகிவிடும். அதனால் நெகட்டிவின் மீதே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார் அவர். லென்ஸின் மூடியை எவ்வளவு நேரம் திறந்துவைப்பது என்று சொல்ல மின்கலம் பொருத்திய மீட்டர் அன்று இல்லை. வெயிலைப் பார்த்துப் பழகிய கண்ணையே நம்ப வேண்டியிருந்தது.

வெஸ்டன் நிறுவனத்தின் செலினிய மீட்டர் வந்தது 1932இல். அது காட்சி முழுவதையும் நோக்கிச் சராசரி ஒன்றைச் சொன்னது. கடத்தூரின் நண்பகல் வெயிலில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் கருத்த மேனியர் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். சுவரின் வெண்மை சராசரியை உயர்த்திவிடும். படத்தில் முகம் மையாகிவிடும். கண்ணும் மூக்கும் தெரியாத தாத்தாக்களின் படங்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1960களில் பென்டாக்ஸ் வெளியிட்ட ஸ்பாட் மீட்டர் ஒரு பாகைக் கோணத்தை மட்டும் அளந்தது. பத்து மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் அகலம். ஒரு முகம் அடங்கும் அளவு. ஆனால் இக்கருவிக்கும் ஒரு பேதைமை உண்டு. தான் காணும் எதையும், விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுச்சாம்பல் என்றே அது எண்ணும். அதன் சொற்படி எடுத்தால் கருத்த முகம் வெளிறும். வெள்ளை வேட்டி அழுக்கேறும்.

இங்கேதான் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை நமக்குத் துணை வருகிறது. கருமையிலிருந்து வெண்மை வரை படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளும் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வது அம்முறை. நூறு வேகப் படச்சுருளில், 1/125 விநாடிக்கு, முகத்தை அளந்தால் மீட்டர் எஃப் 11 என்கிறது. வேட்டியை அளந்தால் எஃப் 32. நாம் எஃப் 16 வைக்கிறோம். முகம் நடுச்சாம்பலுக்கு ஒரு படி கீழே, தன் இயல்பான கருமையுடன் நிற்கிறது. வேட்டி இரண்டு படி மேலே நிற்கிறது, மடிப்புகள் அழியவில்லை.

மீட்டர் சொன்ன எஃப் 11ஐ அப்படியே ஏற்றிருந்தால் அந்த மனிதரை அவரல்லாத ஒரு நிறத்துக்கு மாற்றியிருப்போம். இந்த முகம் எவ்வளவு கருமை என்பதைக் கருவி அறியாது. ட்ரைப் காலத்தைப் போலவே இன்றும் அதை எதிரே நிற்பவரைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.