போர்ட்டிக்சனுக்குப் பழைய பெயர் என்ன?

எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்: "ஐயா, டிக்சன் துரை எந்தத் தோட்டத்து மானேஜர்?"

சிரிக்கத் தோன்றவில்லை. கெர்பி, பிராட்வால், அத்தர்டன் என்று சுற்றிலும் ஆங்கிலத் தோட்டப் பெயர்களையே கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைப்பான்?

டிக்சன் தோட்டத் துரை அல்லர். சர் ஜான் பிரெடரிக் டிக்சன் இலங்கையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். பாலி மொழி கற்றவர். பின்னர் சிங்கப்பூரில், நீரிணைக் குடியேற்றங்களின் குடியேற்றச் செயலாளரானார். அந்தப் பதவிக் காலத்தில்தான் இந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது. 1891-இல் சிரம்பானிலிருந்து இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். சிரம்பான் ஈயம் அவ்வழியே கடலுக்குப் போயிற்று.

அதற்கு முன் இவ்வூருக்கு அராங் என்று பெயர். மலாய் மொழியில் அராங் என்றால் கரி. கரி வாணிபம் நடந்த இடம் என்பதால் வந்த பெயர் என்பர். உழைப்பால் வந்த பெயர் போய், அதிகாரியின் பெயர் நிலைத்தது. அதையும் நம் மக்கள் முழுதாக வைத்திருக்கவில்லை, 'பி.டி.' என்று சுருக்கிவிட்டார்கள்!

உடையவன் பெயர் ஊர்ப்பெயராவது எங்கும் உண்டு. பிரான்சில், பாரிசு விமான நிலையத்தால் நாம் அறிந்த ஓர்லி, உரோமர் காலத்தில் அவுரேலியுசு என்பவனின் பண்ணையாக இருந்ததால் அப்பெயர் பெற்றது என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர் கருத்து. பண்ணை எப்போதோ மறைந்துவிட்டது, பெயர் நிற்கிறது. நம் நாட்டிலும் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியான பிறகும், பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று இருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

ஆனால் நம்மவர் வைத்த பெயர்கள் எந்தப் பலகையிலும் ஏறவில்லை. பி.டி. கடற்கரைச் சாலையில் நாலாங்கட்டை, ஏழாங்கட்டை என்கிறோம். கட்டை என்பது மைல்கல். மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பின்னும் அந்தப் பெயர்கள் வாயில் இருக்கின்றன. தோட்டத்துக்குள்ளேயோ நிலைமை வேறு. லயம் இடிந்தால் லயத்தின் பெயரும் போய்விடுகிறது.

அதனால் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பாட்டியிடம் கேட்டுத் தோட்டத்தின் மேடு, ஓடை, பழைய லயம், கோயில் மரம் ஒவ்வொன்றுக்கும் வழங்கிய பெயரை எழுதி வரவேண்டும். இதுவரை பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. டிக்சனைப் பற்றிக் கேட்ட மாணவன் மட்டும் நான்கு கொண்டுவந்தான்.