இருதய சத்திரசிகிச்சை: தொற்று வருமுன் கொடுக்கும் மருந்து

2009 இல் முள்ளிவாய்க்கால் தற்காலிக வைத்தியசாலையில் காயப்பட்டோருக்குப் போதிய நுண்ணுயிர்கொல்லியும் இருக்கவில்லை, மயக்க மருந்தும் இருக்கவில்லை. அந்த நாட்களைக் கடந்து வந்த எங்கள் வீடுகளில் மிஞ்சும் குளிசைகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இருதய வால்வு மாற்றிய என் அம்மாவும் ஒரு போத்தலில் வைத்திருந்தார். பல் பிடுங்கப் போவதற்கு முதல்நாள் இரவு அதில் ஒன்றை எடுத்து விழுங்கப் பார்த்தார். அது ஏன் பிழை என்பதை அவருக்குச் சொன்னதுபோலவே இங்கும் எழுதுகிறேன்.

இருதய சத்திரசிகிச்சையில் நெஞ்செலும்பைப் பிளக்கிறார்கள். தோலில் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி உள்ளே போனால் எலும்பும் புதிய வால்வும் பழுதாகலாம். அதனால் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் செபசோலின் ஊசியை நாளத்தில் ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம். சத்திரசிகிச்சை நீண்டால் 4 மணித்தியாலத்தில் மீண்டும் கொடுப்பார்கள். பென்சிலின் கடுமையாக ஒவ்வாதவர்களுக்கு வன்கோமைசின் கொடுப்பதுண்டு. அது மெதுவாக ஏற வேண்டியதால் முன்னதாகவே தொடங்குவார்கள். தொற்று இல்லாவிட்டால் 48 மணித்தியாலத்துக்குள் இந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் நீட்டினால் கூடுதல் பாதுகாப்பு இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும்.

வீட்டுக்கு வந்தபின், செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும்போது வாய்க் கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டக்கூடும். இதற்கு அமொக்ஸிசிலின் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு, 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே தடவையில் கொடுப்பார்கள். முதல்நாள் இரவு ஒன்று விழுங்குவதால் பயனில்லை. பென்சிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்து தருவார்கள். பைபாஸ் மட்டும் செய்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பொதுவாக இது தேவையில்லை.

வாதக்காய்ச்சலால் வால்வு பழுதானவர்களின் கதை வேறு. 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியை, சத்திரசிகிச்சை முடிந்துவிட்டதென்று தாங்களாக நிறுத்தக்கூடாது.

செயற்கை வால்வு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் போத்தலைத் திறக்க வேண்டாம். முதலில் வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யவேண்டும். அதற்கு முன் விழுங்கும் குளிசை கிருமியை மறைத்துவிடும், நோயை மாற்றாது.

அம்மாவின் கிளினிக் கொப்பி அட்டையில் இப்போது சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: "செயற்கை வால்வு. பல்லுக்கு முன் மருந்து." போத்தலை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.