பல்கலைக்கழகம் என்ற நுழைவுச்சீட்டு: ஜித்ராவும் உயர்கல்வி விளையாட்டு மன்றங்களும்

அலோர் ஸ்டாருக்கு வடக்கே, தாய்லாந்து எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஜித்ரா, 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பிரிட்டிஷ் அரணை உடைத்த இடம் என்ற அளவிலேயே வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுகிறது. கல்வி வரலாற்றில் அந்தச் சிறு நகருக்கு இருக்கும் இடம் அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை. உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கப்பட்டபோது அதன் தற்காலிக வளாகம் ஜித்ராவில்தான் இருந்தது. சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பெயரைத் தாங்கிய பல்தொழில்நுட்பக் கல்லூரியும் அதே 1984இல் தோன்றி, ஜித்ராவை அடுத்த பண்டார் டாருல் அமானில் இயங்கிவருகிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் டாருல் அமான் வளாகமும் அங்கேயே உள்ளது. இந்த மூன்று நிலையங்களின் மாணவர்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கி, ஒரே பேருந்தில் ஊருக்குப் போனவர்கள் என்றாலும், நாடு தழுவிய உயர்கல்வி விளையாட்டுப் போட்டிகளில் நெடுங்காலம் ஒரே திடலில் இறங்கவில்லை. ஏனெனில் ஒவ்வொரு நிலையமும் வெவ்வேறு விளையாட்டு மன்றத்தைச் சார்ந்திருந்தது. அந்த மன்றங்களின் உறுப்பினர் பட்டியல் எவ்வாறு உருவாகி, எவ்வாறு மாறியது என்பதை இந்தப் பகுதி ஆராய்கிறது.

விளையாட்டு மன்றம் என்பது, தமக்குள் ஆண்டுதோறும் போட்டியிட்டுக்கொள்வதற்காகக் கல்வி நிலையங்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் கூட்டமைப்பாகும். யார் ஆடலாம், எந்த விதிப்படி ஆடலாம், செலவை யார் ஏற்பது என்பவற்றை அதுவே முடிவுசெய்கிறது. இத்தகைய அமைப்புக்கு மிகப் பழைய முன்னோடி அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே மிச்சிகன் மாநிலத்தில் 1888ஆம் ஆண்டு அல்பியன், ஹில்ஸ்டேல், ஒலிவெட் ஆகிய சிறு கல்லூரிகளும் மிச்சிகன் விவசாயக் கல்லூரியும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. அது இன்றும் இயங்குகிறது. ஆயினும் நிறுவன உறுப்பினர்களில் ஒன்றான விவசாயக் கல்லூரி 1907இல் அதைவிட்டு விலகி, பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான 'பிக் டென்'னில் 1949இல் சேர்த்துக்கொள்ளப்பட்டு, பின்னாளில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பத்து என்று பெயர் கொண்ட அந்தக் கூட்டமைப்பில் 2024 முதல் 18 உறுப்பினர்கள் இருப்பதும், 'பேக்-12' என்ற மற்றொன்றில் அதே ஆண்டு இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்கள் எஞ்சியதும், அந்நாட்டில் உறுப்பினர் மாற்றத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருமானம் எந்த அளவுக்கு ஆட்டிவைக்கிறது என்பதைக் காட்டுகின்றன. அங்கே கல்லூரி வளர்ந்தால் பழைய கூட்டாளிகளை விட்டு வெளியேறும். மலேசியாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. கல்லூரி வளர்ந்து பெயர் மாறினால் மட்டுமே மன்றத்தின் உள்ளே நுழைய முடிந்தது.

இந்த வேறுபாட்டின் வேர் காலனியக் காலத்தில் இருக்கிறது. 1905இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி, பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாயிற்று. கலை, அறிவியல் பாடங்களுக்கான ராஃபிள்ஸ் கல்லூரி 1929இல் முறைப்படி திறக்கப்பட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உயர்கல்வி என்பது ஏறத்தாழ இந்த இரண்டு நிலையங்களுக்குள் அடங்கியிருந்ததால், உறுப்பினர்களைச் சேர்ப்பது, நீக்குவது என்ற கேள்விக்கே அன்று இடமில்லை. 1949 அக்டோபரில் இரண்டும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமானபோது, எதிரணிகளாக நிற்கக்கூடிய இரு கல்லூரிகளும் ஒரே நிலையத்தின் இரு பிரிவுகளாகிவிட்டன. அலோர் ஸ்டாரில் பிறந்து 1947இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மகாதீர் முகமது, 1953இல் பட்டம் பெற்றபோது பல்கலைக்கழகப் பட்டதாரியாக வெளிவந்தது இந்த இணைப்பின் விளைவே.

அந்தப் பல்கலைக்கழகமும் நீண்டநாள் ஒன்றாக இருக்கவில்லை. 1959இல் அது சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தன்னாட்சி பெற்ற இரு பிரிவுகளாகி, 1962 ஜனவரி முதல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம் என இரண்டு தனி நிலையங்களாயிற்று. நிலையம் பிரிந்த வேகத்தில் மாணவர்கள் பிரியவில்லை. ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரராகத் திகழ்ந்து, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற மாணிக்கவாசகம் ஜெகதீசன், சிங்கப்பூரில் மருத்துவம் பயின்றவர். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த பின்னரும் அவர் ஓடியது மலேசியாவுக்காகவே. ஒருவர் படிக்கும் நிலையமும் அவர் ஓடும் கொடியும் வெவ்வேறாக இருக்க முடிந்த அந்தக் காலத்தை, பின்னாளில் ஏற்பட்ட இறுக்கமான வரையறைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

1969 முதல் 1975 வரையிலான ஆண்டுகளே உறுப்பினர் பட்டியல் உண்மையில் விரிந்த காலமாகும். பினாங்கில் 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 1970இல் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. 1931இல் பள்ளியாகத் தொடங்கி 1947இல் கல்லூரியான செர்டாங் விவசாயக் கல்லூரி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் புலத்தோடு இணைந்து 1971இல் விவசாயப் பல்கலைக்கழகமாயிற்று. கோலாலம்பூர்த் தொழில்நுட்பக் கல்லூரி 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. எந்த நிலையம் தன்னைப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதை 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வரையறுத்தது. மாணவர்களின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்திய சட்டமாகவே அது பொதுவாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் விளையாட்டுத் திடலுக்கும் வேலி போட்டது அதே சட்டம்தான் என்பது கவனிக்கப்படுவதில்லை. மாசும் என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் மலேசியப் பல்கலைக்கழக விளையாட்டு மன்றம் முதன்மையாக அரசுப் பல்கலைக்கழகங்களின் அமைப்பாக இருந்ததால், செர்டாங்கைப் போன்ற நிலையம் அதற்குள் அமரத் தன் ஓட்டக்காரர்களின் வேகத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அரசாணை ஒன்று போதுமாக இருந்தது. மிச்சிகனின் விவசாயக் கல்லூரி வளர்ந்து வெளியே போனதையும், செர்டாங்கின் விவசாயக் கல்லூரி வளர்ந்து உள்ளே வந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் கல்லூரிகளும் மற்றோரிடத்தில் அரசும் பட்டியலை எழுதின என்பது விளங்கும்.

ஜித்ரா இந்தக் கதைக்குள் வருவது 1984 பிப்ரவரியில். நிர்வாகவியல் கல்விக்கெனச் சிறப்பாக அமைக்கப்பட்ட உத்தாரா பல்கலைக்கழகத்துக்குச் சொந்த நிலமும் கட்டடமும் அமைவதற்கு முன்பே பெயரும் தகுதியும் கிடைத்துவிட்டன. ஜித்ராவிலும் பின்னர் பண்டார் டாருல் அமானிலும் தற்காலிகமாக இயங்கி, 1990 செப்டம்பரில் சங்லூனுக்குக் கிழக்கே சிந்தோக்கிலுள்ள 1,061 ஹெக்டேர் வளாகத்துக்கு அது இடம்பெயர்ந்தது. அதே வட்டாரத்தில், அதே ஆண்டில் பிறந்த பல்தொழில்நுட்பக் கல்லூரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தொழில்நுட்பத் துறைகளில் சான்றிதழும் டிப்ளோமாவும் வழங்கும் நிலையமாதலால், அதன் மாணவர்கள் நாடெங்கிலுமுள்ள ஏனைய பல்தொழில்நுட்பக் கல்லூரிகளோடு மட்டும் மோதினர். திறமையில் எவர் மேல் என்ற கேள்வி இந்தப் பிரிவினையில் எழவே இல்லை.

இரண்டாவது பெருக்கு 1990களில் தொடங்கியது. சரவாக்கில் 1992இலும் சபாவில் 1994இலும் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றியதால் தென்சீனக் கடலைக் கடந்து அணிகளை அனுப்பவேண்டிய தேவை ஏற்பட்டது. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இலும், 1956இல் ரிடா பயிற்சி நிலையமாகத் தொடங்கிய மாரா தொழில்நுட்பக் கழகம் 1999இலும் பல்கலைக்கழகங்களாயின. 'பல்கலைக்கழகக் கல்லூரி' என்ற இடைநிலைப் பெயரோடு இயங்கிய பல நிலையங்கள் 2007இல் முழுப் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டன. இன்று நாட்டில் 20 அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. எண்ணிக்கை கூடியதைவிட முக்கியமானது, உறுப்பினர்களிடையே ஏற்பட்ட ஏற்றத்தாழ்வாகும். மாநிலந்தோறும் கிளை வளாகங்கள் கொண்ட மாரா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாட்டின் தலையாய தொழில்முறைப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடியது. அத்தகைய நிலையமும், சில ஆயிரம் மாணவர்களை மட்டும் கொண்ட புதிய பல்கலைக்கழகமும் ஒரே மன்றத்தில் சம உறுப்பினர்கள்! பெயரை அளவுகோலாகக் கொண்ட அமைப்பு வலிமையை அளக்கத் தவறியது இயல்பே.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பது தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய கேள்வியாகும். 1970களிலிருந்து அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன ஒதுக்கீடு நடைமுறையில் இருந்தது. தகுதி முறை என்ற பெயரில் 2002இல் அது மாற்றப்பட்டது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களிலிருந்து படித்து மேலேறிய இளைஞர்களில் ஒரு பகுதியினர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகும் நோக்கில் ஆசிரியர் பயிற்சி நிலையங்களையும், ஒரு பகுதியினர் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளையும், வசதியோ கடனோ கிடைத்தவர்கள் தனியார் கல்லூரிகளையும் நாடினர். இம்மூன்றும் பல்கலைக்கழக விளையாட்டு மன்றத்தின் எல்லைக்கு அப்பால் இருந்தவை. பள்ளிக் காலத்தில் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் ஓடிய தோட்டத்துப் பிள்ளை, பதினெட்டு வயதுக்குப் பின் எந்த வாசல் வழியே உயர்கல்விக்குள் நுழைந்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய விளையாட்டு வாழ்வின் அடுத்த படி அமைந்தது.

மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்விக்கரமாக 1984இல் நிறுவப்பட்ட எம்.ஐ.இ.டி. உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இங்கே தனிக் கவனம் பெறத்தக்கது. 2001இல் கெடாவில் தொடங்கி, பீடோங்கை அடுத்த செமெலிங்கில் நிலைபெற்ற அந்நிலையம் பெயரளவில் பல்கலைக்கழகமே. ஆனால் 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டத்தின்கீழ் வந்த நிலையங்களுக்கு மாசிஸ்வா எனப்படும் தனியார் உயர்கல்வி விளையாட்டு மன்றம் வேறாக இருந்தது. ஆகவே பெயர் மட்டும் போதாது, உரிமையாளர் யார் என்பதும் பார்க்கப்படும் என்ற இரண்டாவது வேலி வெளிப்பட்டது.

இந்தியாவின் அனுபவம் வேறு வழி இருந்ததைக் காட்டுகிறது. 1925இல் அங்கு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியம் அமைந்தது. ரோஹின்டன் பாரியா கோப்பைக்கான பல்கலைக்கழகக் கிரிக்கெட் போட்டி 1935இல் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே அதை வென்றது லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம். 1947 பிரிவினையில் லாகூரும் டாக்காவும் பாகிஸ்தானுக்குப் போயின. இழப்புக்குப் பின் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, அவ்வாரியத்தின் வழிவந்த இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முதலில் அண்டை நிலையங்கள் தமக்குள் மோதி, வென்றவை மேலே செல்லும் முறையைக் கையாண்டது. அரசு, தனியார் என்ற பாகுபாட்டைவிட ஊரின் அண்மை அங்கு முதலிடம் பெற்றது.

மலேசியாவில் அத்தகைய கலப்புக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுகிப்ட் எனப்படும் உயர்கல்வி நிலைய விளையாட்டுப் போட்டி அந்த ஆண்டு தொடங்கியபோது, அரசுப் பல்கலைக்கழகம், தனியார் நிலையம், பல்தொழில்நுட்பக் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஆகியவை ஒரே பதக்கப் பட்டியலில் இடம்பெற வழி பிறந்தது. சிந்தோக்கும் பண்டார் டாருல் அமானும் செமெலிங்கும் முறைப்படி சந்திக்கக்கூடிய திடல் அதுவே. எனினும் அது சில ஆண்டுகளுக்கொருமுறை கூடிக் கலையும் பெருவிழா. வாராவாரம் ஆடி வளரும் வழக்கமான போட்டித் தொடருக்கு அது மாற்றாகாது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை உயர்கல்வி நிலையங்களைக் கொண்ட வட கெடாவில், சட்டமும் உரிமையும் பாராமல் அண்மையையும் ஆட்டத்திறனையும் மட்டும் பார்க்கும் வட்டாரக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவ உயர்கல்வி அமைச்சும் மாநில விளையாட்டு மன்றமும் முன்வருமானால், அதற்குப் புதிய திடல் ஒன்றுகூடத் தேவைப்படாது.