கேலிக்குத் துப்பாக்கி பேசிய காலம்

1841 ஜூலை மாதத்து மாலை. காக்கசஸ் மலையடிவாரத்தில், மருத்துவ ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பியாதிகோர்ஸ்க் நகரில், வெர்ஸீலின் குடும்பத்தாரின் வீட்டில் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். யாரோ பியானோ வாசிக்கிறார்கள். ஓய்வுபெற்ற மேஜர் நிக்கொலாய் மார்த்தினோவ் மலைவாசிகளைப் போல உடுத்தி, இடுப்பில் பெரிய குத்துவாள் தொங்க நின்றுகொண்டிருக்கிறார். அவரது கோலத்தைப் பற்றிக் கவிஞர் மிகயீல் லேர்மொந்தவ் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ கிண்டலாகச் சொல்கிறார். அந்த நொடியில் பியானோ சட்டென்று நின்றுவிடுகிறது. ‘குத்துவாள்’ என்ற சொல் அறை முழுக்கக் கேட்டுவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 27 அன்று, மஷூக் மலைச்சரிவில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றார்கள். மார்த்தினோவ் சுட்டார். லேர்மொந்தவ் அங்கேயே இறந்தார். ‘நம் காலத்து நாயகன்’ நாவல் வெளிவந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்கு வயது 26.

கொன்றவர் அந்நியர் அல்லர். இருவரும் பீட்டர்ஸ்பர்க் ராணுவப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பெண்கள் முன்னால் தன்னைக் கேலி செய்யாதே என்று முன்பே பலமுறை கேட்டுக்கொண்டதாகவும், கவிஞர் நிறுத்தவில்லை என்றும் மார்த்தினோவ் விசாரணையில் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஒருவரைத் திரும்பத் திரும்பச் சபையில் சிறுமைப்படுத்துவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் மனம் புண்பட்டவருக்கு அடிக்கவோ சுடவோ உரிமை வந்துவிடுமா? ஐரோப்பாவின் மேட்டுக்குடி சுமார் முந்நூறு ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றே பதில் சொல்லிவந்தது. அந்தப் பதிலுக்கு அது வைத்துக்கொண்ட வழக்கம்தான் துவந்த யுத்தம். ஆங்கிலத்தில் டூயல்.

அரசும் மதமும் இதை ஆதரித்தன என்று எண்ணிவிடக்கூடாது. 1563-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் டிரெண்ட் பொதுச்சங்கம் துவந்த யுத்தம் செய்வோரை மதவிலக்கம் செய்வதாக அறிவித்தது. பிரான்சில் பதின்மூன்றாம் லூயி மன்னரின் தடையை மீறி, பாரிஸ் நகரின் நடுச் சதுக்கத்தில் வாள்சண்டை போட்ட பூத்வில் பிரபுவின் தலையை 1627-இல் துண்டித்தார்கள். அப்படியும் வழக்கம் ஓயவில்லை. உயிர் போவதைவிட ‘கோழை’ என்ற பெயர் வாங்குவதற்கு அந்த வர்க்கம் அதிகம் அஞ்சியது.

தடுக்க முடியாத வழக்கத்துக்கு ஒழுங்காவது வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். 1777-இல் அயர்லாந்தின் குளோன்மெல் ஊரில் கூடிய கனவான்கள் 25 விதிகளை வகுத்தார்கள். ‘கோட் டுவெல்லோ’ என்று பெயர்பெற்ற அந்த விதிகள் அயர்லாந்தைத் தாண்டி அமெரிக்கா வரை பரவின. அவற்றை இன்று படிப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. கனவான்களுக்கிடையே கைநீட்டி அடிப்பது எந்தச் சூழலிலும் கூடாது என்கிறது ஐந்தாம் விதி. அடித்தவர் வாயால் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. தன் முதுகில் அடிக்கப் பிரம்பையும் எதிராளியின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையென்றால் துப்பாக்கியின் முன் நிற்கவேண்டும். அவமானம் நடந்த இரவிலேயே சவால் அனுப்பக்கூடாது, சூடு தணியட்டும் என்கிறது இன்னொரு விதி. முதலில் புண்படுத்தியவரே முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும், பதிலுக்கு வந்த பேச்சு அதைவிடக் கடுமையாக இருந்தாலும் சரி என்கிறது முதல் விதி. இரு தரப்புக்கும் துணையாள் ஒருவர் உண்டு. சண்டைக்கு முன்பே சமரசம் பேசிப் பார்ப்பது அவரது கடமை.

சுட்டுக்கொள்வதற்கு விதி எழுதியவர்கள்கூட, கோபம் வந்த நொடியில் கை ஓங்குவதை ஏற்கவில்லை. இரவு கடக்கவேண்டும், மூன்றாம் மனிதர் பேசவேண்டும், மன்னிப்புக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று மூன்று தடுப்புகளை வைத்தார்கள். அந்தத் தடுப்புகள் வேலை செய்த இடத்தில் மனிதர்கள் பிழைத்தார்கள். வேலை செய்யாத இடத்தில் செத்தார்கள்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1784-இல் மதராஸ் கவர்னர் மெக்கார்ட்னி பிரபுவுக்கும் அவரது ஆலோசனைச் சபை உறுப்பினர் ஆண்டனி சாட்லியருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. அது துப்பாக்கிச் சண்டையில் முடிந்து கவர்னர் காயம்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து லண்டனில் இன்னொரு சவால் அவரைத் தேடி வந்தது. விடுத்தவர், மதராஸில் அவரால் பதவி பறிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படையோடு நடந்த போரில் ஒரு காலை இழந்தவர் அவர். நிற்கத் துணை வேண்டும் என்பதால் மரத்தில் சாய்ந்தபடி சுட்டார். மெக்கார்ட்னி மறுபடியும் காயம்பட்டார். பதவி நீக்கம் நியாயமா அநியாயமா என்ற கேள்விக்கு அந்தக் குண்டு எந்தப் பதிலும் சொல்லவில்லை.

எழுத்தில் வந்த கேலி ஒன்று உயிர்ப்பலி வரை போய்த் திரும்பிய கதை அமெரிக்காவில் இருக்கிறது. அதன் நாயகர் ஆபிரகாம் லிங்கன்.

1842-இல் இல்லினாய் மாநில வங்கி நொடித்துப்போனது. அதன் நோட்டுகள் செல்லாக்காசாகிவிட, வரியைத் தங்கமும் வெள்ளியுமாகவே கட்டவேண்டும் என்று அரசு சொன்னது. அந்த உத்தரவோடு சேர்ந்து பேசப்பட்ட பெயர் மாநிலத் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். ஜனநாயகக் கட்சிக்காரர், அயர்லாந்தில் பிறந்தவர், சட்டென்று ரோஷம் வருபவர். போட்டிக் கட்சியான விக் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் லிங்கன் ‘சங்கமோ ஜர்னல்’ இதழில் ரெபெக்கா என்ற குடியானவப் பெண்ணின் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். அது ஷீல்ட்ஸை முட்டாள், பொய்யர் என்றது. பெண்கள் கூட்டத்தில் எல்லாரையும் மணக்க முடியவில்லையே என்று அவர் வருந்துவதாகக் காட்டியது. ஊரே சிரித்தது. லிங்கனுக்கு மனைவியாக வரப்போகும் மேரி டாடும் அவரது தோழியும் சேர்ந்து இதே பாணியில் இன்னொரு கடிதம் எழுதிக் கேலியைப் பெருக்கினார்கள்.

எழுதியது யார் என்று ஷீல்ட்ஸ் ஆசிரியரிடம் கேட்டார். லிங்கன் பொறுப்பேற்றுக்கொண்டார். சவால் வந்தது.

ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சவாலை ஏற்பவருக்கு. லிங்கன் குதிரைப்படையின் பெரிய அகலவாள்களைக் கேட்டார். இருவருக்கும் நடுவே பத்தடி நீளப் பலகையைக் குத்துவாட்டில் நிறுத்தவேண்டும், அதைத் தாண்டினால் உயிர் போகும் என்பது நிபந்தனை. ஆறடி நாலங்குல உயரமும் நீண்ட கையும் உடைய லிங்கனை, பல அங்குலம் குள்ளமான ஷீல்ட்ஸ் எட்டியே இருக்க முடியாது. இல்லினாய் சட்டம் துவந்த யுத்தத்தைத் தடை செய்திருந்ததால், 1842 செப்டம்பர் 22 அன்று ஆல்டன் நகருக்கு எதிரே மிசிசிப்பி ஆற்றில் மிசௌரி எல்லைக்குட்பட்ட தீவுக்குப் போனார்கள்.

வாள்கள் மோதிக்கொள்ளவில்லை. துணையாட்களோடு நண்பர்களும் இரு தரப்புக்கும் நடுவே புகுந்து பேசினார்கள். அந்தக் கடிதத்தை அரசியல் நோக்கத்துக்காகவே எழுதியதாகவும், ஷீல்ட்ஸின் தனிப்பட்ட நற்பெயரைக் கெடுக்கும் எண்ணம் இல்லை என்றும் லிங்கன் தரப்பு எழுத்தில் தந்தது. ஷீல்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். ஆறு வாரத்தில் லிங்கனுக்குத் திருமணம் நடந்தது. ஷீல்ட்ஸ் பிற்பாடு மூன்று வெவ்வேறு மாநிலங்களிலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனார். உள்நாட்டுப் போரின்போது லிங்கனின் ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாகவும் இருந்தார். அந்தத் தீவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பின்னாளில் லிங்கனுக்குப் பிடிக்காது.

லேர்மொந்தவ், லிங்கன் இருவருமே கேலியின் வரம்பு மீறியவர்கள். எதிர்த்தரப்பில் இருந்த இருவருக்கும் கோபப்பட நியாயம் இருந்தது. ஒருவர் செத்தார், இன்னொருவர் பிழைத்தார் என்றால், அதற்குக் காரணம் நடுவில் நின்றவர்கள். பியாதிகோர்ஸ்கில் துணையாட்களாக இருந்த இளைஞர்கள் இது விளையாட்டாக முடியும் என்றே நம்பியிருந்தார்கள். மஷூக் மலைக்கு அவர்கள் ஒரு மருத்துவரைக்கூட அழைத்துப் போகவில்லை. மார்த்தினோவுக்குக் கடைசியில் கிடைத்த தண்டனை கீவ் கோட்டையில் மூன்று மாதச் சிறையும் தேவாலயப் பிராயச்சித்தமும்தான்.

பிரிட்டனில் இந்த வழக்கம் முடிவுக்கு வரத் தூண்டுதலாக இருந்தது 1843-இல் லண்டன் கேம்டன் டவுனில் நடந்த ஒரு மரணம். கர்னல் ஃபாசெட்டும் அவரது மனைவியின் சகோதரி கணவர் லெப்டினன்ட் மன்ரோவும் வாய்ச்சண்டையில் தொடங்கித் துப்பாக்கிக்குப் போனார்கள். கர்னல் இறந்தார். அவரது விதவைக்கு ராணுவ ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. மக்கள் கொதித்தார்கள். 1844-இல் ராணுவ விதிகள் திருத்தப்பட்டன. செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பதும், கேட்ட மன்னிப்பை மனமார ஏற்பதும் மானமுள்ளவர்களின் குணத்துக்கு ஏற்றதே என்று அந்தத் திருத்தம் அறிவித்தது. மானம் என்றால் என்ன என்பதற்கு அரசே புது விளக்கம் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே துவந்த யுத்தம் அநேகமாக மறைந்தது.

நம் நாட்டுச் சட்டம் எழுதப்பட்டதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தந்தது. சொல்லாலும் சைகையாலும் இழைக்கும் கொடிய அவமதிப்பு, உடலில் படும் காயத்தைப் போலவே பலரை நிலைகுலையச் செய்யும் என்பது அதன் குறிப்புகளில் உள்ள வாதம். இங்கிலாந்தின் நீதிபதிகள் இதை எளிதில் ஒப்பவில்லை. மிக அரிதான சூழல் தவிர, வெறும் வார்த்தைகள் கொலைக்குற்றத்தைக் குறைக்காது என்று பிரபுக்கள் சபை 1946-இல்கூடத் தீர்ப்பளித்தது. 1957-இல் வந்த சட்டம்தான் அங்கே அதை மாற்றியது. இந்தியாவில் 1961-இல், மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சில சூழல்களில் சொல்லும் சைகையும்கூடக் கடுமையான திடீர் ஆத்திரமூட்டலாக அமையலாம் என்றது. அதே தீர்ப்பில், வீட்டிலிருந்து கிளம்பியது முதல் சுட்டது வரை கடந்த சுமார் மூன்று மணி நேரம் தன்னிலைக்குத் திரும்பப் போதுமானது என்று சொல்லி, தண்டனையை உறுதிசெய்தது.

இந்தியச் சட்டத்தின் கணக்கை எண்களில் பார்த்தால் தெளிவாகும். அந்த வரைவிலிருந்து உருவான 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில், வேண்டுமென்றே ஒருவரைக் காயப்படுத்தினால் 323-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. கடுமையான திடீர் ஆத்திரமூட்டலால் அப்படிச் செய்திருந்தால் 334-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரை. அமைதி குலையும் என்று தெரிந்தே ஒருவரை அவமதித்துத் தூண்டியவருக்கோ 504-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தச் சிறைக்கால அளவுகள் மாறவில்லை, காயப்படுத்தியதற்கான அபராதங்கள்தான் கூடியிருக்கின்றன. ஆத்திரத்தைச் சட்டம் புரிந்துகொள்கிறது, அதற்காகத் தண்டனையைக் குறைக்கிறது. ஆனால் குற்றமே இல்லை என்று ஒருபோதும் சொல்வதில்லை. கூடவே, தூண்டியவரையும் அது தப்பவிடவில்லை.

‘வெறும் கேலிதானே’ என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டம் மாணவரைக் கேலி செய்து துன்புறுத்துவதையும் ராகிங் என்றே கொண்டு, இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ இழிவுபடுத்தும் நோக்கோடு பொதுவெளியில் அவமதித்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. சாதியைச் சொல்லிச் சிரித்துவிட்டு ‘ஜோக்’ என்று நழுவுவதற்கு இங்கே இடமில்லை. புண்பட்டவர் பொறுத்துக்கொண்டு போகவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அவர் ஓங்கவேண்டிய கையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. காவல்துறையும் நீதிமன்றமும் அந்தப் புகாரை மதித்து நடத்தும்போதுதான் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் உண்டு.

2022 மார்ச் 27 அன்று ஆஸ்கர் மேடையில் நடந்ததை உலகமே பார்த்தது. நோயால் முடி உதிர்ந்த ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் மொட்டைத் தலையை வைத்து கிறிஸ் ராக் ஒரு ஜோக் சொன்னார். கணவர் வில் ஸ்மித் மேடையேறி அவரை அறைந்தார். அதே இரவில் ஸ்மித்துக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஐந்து நாளில் அவர் அகாடமியிலிருந்து விலகினார். ஏப்ரல் 8 அன்று அகாடமி தன் நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. ராக் போலீசில் புகார் தரவில்லை. நோயாளியின் உடலைக் கேலி செய்யலாமா என்று நடந்திருக்க வேண்டிய விவாதத்தை அந்த அறை பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஜோக் சொன்னவர் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில், அறைந்தவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. குளோன்மெல் விதிகள் சொன்ன இரவின் இடைவெளியோ, நடுவில் பேச ஒரு மனிதரோ அந்த மேடையில் இல்லை.

இந்த வரலாறு காட்டுவது ஒன்றுதான். புண்படுத்தும் கேலி கோபத்துக்குக் காரணமாகலாம், குறைந்த தண்டனைக்கும் காரணமாகலாம். கைநீட்டுவதை அது ஒருநாளும் நியாயமாக்காது, ஏனென்றால் அடி யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்வதில்லை, யார் பலசாலி என்றே காட்டுகிறது. அதே சமயம், அடிக்காதே என்று புண்பட்டவருக்கு மட்டும் புத்தி சொல்வதும் அநீதி. கல்யாண வீட்டிலோ கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ ஒருவரைச் சுற்றிக் கேலி வளரும்போது, கூடச் சிரிக்காமல் குறுக்கிட்டு, ‘நீ சொன்னது தப்பு, மன்னிப்புக் கேள்’ என்று சொன்னவரிடமே முதலில் சொல்லுங்கள். அன்று பியாதிகோர்ஸ்கில் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.