மண் சுவரிலிருந்து மடிக்கு வந்த ஓவியம்

பேரப்பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும். திமிங்கல எலும்புக்கூட்டின் முன் வாயைப் பிளந்து நிற்கிற குழந்தை, ஓவியங்கள் பக்கம் வந்ததும் "போலாம் தாத்தா" என்று கையை இழுக்கும். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாதவர்கள் நடுவே உட்கார வைத்தால் நமக்கும் அப்படித்தான் இருக்கும். முதலில் அறிமுகம் வேண்டும். அந்த அறிமுகத்தைச் செய்து வைப்பவை படப்புத்தகங்கள்.

நம் காலத்தில் ஓவியம் நம்மைத் தேடி வீட்டுக்கு வந்தது. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால், அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரணக் குடும்பங்களின் பூஜை அறைக்குள் நுழைந்தார்கள். 1957-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் டில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு நியூ செஞ்சுரி கடைகளில் மலிவு விலையில் சோவியத் படப்புத்தகங்கள் கிடைத்தன. அந்தக் கரடியையும் நரியையும் இன்றும் மறக்காதவர்கள் நம்மில் பலர்.

ஆனால் ஓவியக்கூடத்தையும் குழந்தைப் புத்தகத்தையும் நேராக இணைத்த கதை என்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோண்டு ஓவியம்தான். மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்கள் வீட்டு மண் சுவரையும் தரையையும் மெழுகிக் கோலமிட்டு அழகுபடுத்துவார்கள். அங்கே ஓவியம் பார்க்க எந்தக் குழந்தையும் வெளியே போக வேண்டியதில்லை. அம்மா வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கும்.

1982-ல் போபாலில் பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் கலைக்கூடத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினர், பாட்டன்கர் கிராமத்தில் ஜன்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞரின் சுவர் ஓவியத்தைக் கண்டார்கள். போபாலுக்கு வந்த அவர் காகிதத்திலும் துணியிலும் வரைய ஆரம்பித்தார். 1989-ல் பாரிஸ் பாம்பிடு மையக் கண்காட்சி வரை அவர் ஓவியம் போனது. 2001-ல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில், ஊர் திரும்பாமலே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். சுவரில் பிறந்த ஓவியம் உலகக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் போட்டவர்தான் வீடு திரும்பவில்லை.

அவரிடம் தொழில் கற்றவர் மருமகன் முறையான பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவலாளி வேலையும் பார்த்தவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைய இரண்டு மாதம் போய் வந்தார். அங்கே பார்த்ததையெல்லாம் கோண்டு முறையில் வரைய, சென்னையின் தாரா பதிப்பகம் 2004-ல் அதை 'லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. அதில் பிக் பென் மணிக்கூண்டு ஒரு சேவல். கிராமத்தில் பொழுதைச் சொல்வது சேவல்தானே! சுரங்க ரயில் மண்ணுக்குள் போகும் புழு. அவர் வழக்கமாக ஏறிய முப்பதாம் நம்பர் பஸ், நன்றியுள்ள நாய். பெரியவர்கள் விளக்க வேண்டியதே இல்லை, குழந்தைக்குத் தானாகவே புரியும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

2006-ல் அவரும் துர்கா பாயும் ராம் சிங் உர்வேதியும் சேர்ந்து மரங்களைப் பற்றி ஒரு புத்தகம் செய்தார்கள். கறுப்புக் கைக்காகிதத்தில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. பக்கத்தைத் தடவினால் மை விரலில் தட்டுப்படும். ஓவியக்கூடத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை இருக்கும். இங்கே தொடத்தான் வேண்டும். 2008-ல் இத்தாலியின் பொலோன்யா குழந்தைப் புத்தகக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது.

சுவரை விட்டுக் கூடத்துக்குப் போன ஓவியம், இப்படிப் புத்தகமாகி மறுபடி வீட்டுக்கே வந்திருக்கிறது. மடியில் உட்கார்ந்து சேவல் மணிக்கூண்டைப் பார்த்த குழந்தை, கூடத்துக்குப் போனால் வெறுமனே நடக்காது. தெரிந்த முகத்தைத் தேடும்.

வீட்டில் பெரியவர்களாக இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு படப்புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு பேரனுடனோ பேத்தியுடனோ உட்காருங்கள். போன இடத்தில் மூன்று படம் போதும். ஓவியர் பெயரையும் ஆண்டையும் ஒப்பிக்க வேண்டாம். "இதுல என்னடா கண்ணு தெரியுது?" என்று கேட்டுவிட்டு, அது சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நில்லுங்கள்.