அழிக்கும் கருவிக்குக் கையேடு எழுதுதல்: முகவர் என்னும் புதிய வாசகர்

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பின் களஞ்சியத்தில் கடவுச்சொல் ஒன்று தவறுதலாகப் பதிவாகிவிட்டால் அதை அடுத்த கமிட்டில் நீக்கிப் பயனில்லை. பழைய கமிட்டுகளில் அது அப்படியே கிடக்கும். வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். அதற்கென எலைஜா நியூரன் உருவாக்கிய கருவி ஃபில்டர்-ரீப்போ. திருத்தி முடித்ததும் பழைய கமிட்டுகளுக்கு வழிகாட்டும் ரெஃப்லாக் பதிவுகளையும் அது துடைத்துவிடுகிறது. அந்த நகலில் பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது. அதனால்தான் புதிதாக எடுத்த குளோனில் மட்டுமே இயங்குவேன் என்று அடம்பிடிக்கிறது: வேலை பாழானாலும் மூலநகல் வேறிடத்தில் பத்திரமாக இருக்குமல்லவா? வேறு நகலில் இயக்கினால் மறுத்து, இரண்டு செய்திகளைச் சொல்கிறது. புதிய குளோனில் இயக்குங்கள் என்பது ஒன்று. அப்படியும் தொடர விரும்பினால் ‘ஃபோர்ஸ்’ தெரிவைச் சேருங்கள் என்பது மற்றொன்று.

மனித வாசகர் முதல் செய்தியிலேயே நின்றுவிட வாய்ப்புண்டு. அங்கே இருப்பது அவருடைய மூன்று மாத உழைப்பாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு முகவரின் நிலை வேறு. பிழைச்செய்தியைப் படித்து, அதற்கேற்ப அடுத்த கட்டளையை அமைப்பதுதான் அதன் வேலைமுறை. ‘கடவுச்சொல்லை நீக்கு’ என்ற பணியை ஏற்றிருக்கும் அதற்கு இரண்டாம் செய்தி எச்சரிக்கையாகத் தெரிவதைவிட, பணியை முடிக்கும் வழியாகத் தெரிவதே இயல்பு. கருவியை எழுதியவரைக் குறை சொல்ல இடமில்லை. மறுப்பதற்கான காரணத்தை அவர் தம் கையேட்டில் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் காரணம் கையேட்டில் இருக்கிறது, சாவி பிழைச்செய்தியில் இருக்கிறது. இந்த இடைவெளிதான் என் கவலை.

முகவருக்காக எழுதும்போது எச்சரிக்கையின் குரலை உயர்த்துவது பலன் தராது என்பது என் வாதம். ‘கவனம்’, ‘ஆபத்து’ என்ற சொற்கள் அச்சத்தை நம்பி எழுதப்படுபவை. எழுத வேண்டியவை மூன்று உண்மைகள்: எது அழியும், எங்கிருந்து மீளும், யார் அனுமதிக்க வேண்டும்.

கிட்டின் ‘க்ளீன்’ கட்டளையைப் பாருங்கள். பதிப்புக் கட்டுப்பாட்டில் இல்லாத கோப்புகளை நீக்கும் என்று அதன் கையேடு சொல்கிறது. அது துல்லியமான வரையறை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் விளைவை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிட்டுக்குள் ஒருபோதும் வராத கோப்பைக் கிட்டால் மீட்டுத் தர முடியாது. ‘எக்ஸ்’ தெரிவையும் சேர்த்தால், புறக்கணிப்புப் பட்டியலில் உள்ளவையும் போய்விடும். மறைச்சாவிகளைத் தாங்கிய சூழல் கோப்பும், சோதனைக்காக வைத்திருந்த தரவுத்தளமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ‘இவை கிட்டில் இல்லை, நீக்கியபின் கிட்டிலிருந்து மீளாது, முதலில் -n தெரிவால் பட்டியலை மட்டும் பெற்றுக் காட்டுக’ என்று வரையறைக்கு அடுத்த வரியிலேயே எழுதுவதில் என்ன தடை?

மனிதர் அஞ்சி நிற்பார் என்பதும் பாதி உண்மைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை அழிப்பதாக எண்ணி, முதன்மைச் சேவையகத்தில் அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. கட்டளையில் பிழையில்லை, இடம்தான் தவறு. எனவே ‘எது அழியும்’ என்பதற்குள் ‘எந்த இயந்திரத்தில்’ என்பதும், அதைச் சரிபார்க்கும் கட்டளையும் அடங்க வேண்டும்.

முகவர்களைக் கருவிகளுடன் இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், ஒரு கருவி அழிக்கக்கூடியதா என்று குறிக்க ஓர் அடையாளம் உண்டு. எதுவும் குறிக்காவிட்டால் அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் விதி, நல்ல விதி. ஆனாலும் ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் போதா. கிட்டில் பதிவான கோப்பை நீக்குவதும் சூழல் கோப்பை நீக்குவதும் அங்கே ஒரே ‘ஆம்’.

சொற்களால் எதையும் தடுக்க முடியாது, பூட்டுத்தான் வேண்டும் என்று மறுப்போர் உண்டு. பூட்டு வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். 2025 ஜூலையில் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் வெளியிட்ட அனுபவம் அதற்குச் சான்று: எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும் ரெப்ளிட் என்னும் நிரலாக்கத் தளத்தின் முகவர் அவருடைய நேரடிப் பயன்பாட்டுத் தரவுத்தளத்தை அழித்தது. ஆனால் அதன்பின் நடந்ததையும் கவனிக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்று முகவர் கூறியது. அவர் முயன்று பார்த்தார், திரும்ப முடிந்தது. முதல் தவறைப் பூட்டு தடுத்திருக்கும். இரண்டாவது, மீட்பு வழி பற்றிய அறிவின் குறை. அதை எந்தப் பூட்டும் தீர்க்காது.

ஃபில்டர்-ரீப்போவின் மறுப்பை நான் எழுதினால் ‘ஃபோர்ஸ்’ தெரிவை மறைக்க மாட்டேன். முகவர் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடும். அழியப்போவதன் பட்டியலுக்குப் பின்னால் அதை நகர்த்துவேன்: ‘இந்த நகலில் தொலைவுக் களஞ்சியத்துக்கு அனுப்பாத கமிட்டுகள் உள்ளன. வேலை முடிந்தபின் அவற்றின் பழைய வடிவம் இந்த நகலிலிருந்து மீளாது. புதிய குளோன் எடுத்து அதில் இயக்குக. இங்கேயே தொடர்வதானால் மேற்கண்டதைக் களஞ்சியத்தின் உரிமையாளரிடம் காட்டி, அவருடைய ஒப்புதலைப் பெற்றபின் கையேட்டின் ஃபோர்ஸ் பகுதியைப் பார்க்க.’