சவ்வுக்கு முன்னும் பின்னும்

இமைத் தொற்றையும் கண்குழித் தொற்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது எளிதன்று. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்தும் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு இத்தொற்றுகளோடு குழந்தைகளைத் தூக்கி வருகிறார்கள். சிவந்து கனத்து மூடிக்கொண்ட இமை, உடன் காய்ச்சல்: இரு நோயிலும் தாய் காண்பது இதைத்தான். குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமைக்குள் இறங்கும் மெல்லிய சவ்வு ஒன்றே இரண்டையும் பிரிக்கிறது. அதற்கு முன்னால் நின்றால் இமைத் தொற்று; பின்னால் புகுந்தால் கண்குழித் தொற்று.

கிருமிகள் பெரும்பாலும் ஒன்றே: ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ். வரும் வழிதான் வேறு. முன்னது பெரும்பாலும் தோல் வழியே வரும். கண்கட்டியைப் பிதுக்கியதோ, பூச்சிக்கடியைச் சொறிந்ததோ போதும். பின்னது பெரும்பாலும் மூக்கின் பக்கமிருந்து வருகிறது. கண்குழிக்கும் எத்மாய்டு சைனஸுக்கும் இடையிலுள்ள எலும்பு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. சீழ் வைத்த சைனஸுக்கு அது பெரிய தடையல்ல. ஆகவே கண்ணுக்கென்று வந்த குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்தத் தொற்று என்பதற்கு விடை வீக்கத்தில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது. மருத்துவர் இரு விரலால் இமையை மெல்லப் பிரித்து, டார்ச் ஒளியை நான்கு திசைக்கும் நகர்த்திக் குழந்தையைத் தொடரச் சொல்கிறார். இமைத் தொற்றில் விழி தாராளமாகச் சுழலும், பார்வையும் குன்றாது. கண்குழித் தொற்றில் விழி முன்தள்ளும், அசைத்தால் வலிக்கும், சில திசைகளில் நின்றே போகும். சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டுவதும் உண்டு. ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், பார்வை நரம்பு நெரிபடுகிறது என்று பொருள்.

சிகிச்சையிலும் இந்த வேறுபாடு தெரியும். இமைத் தொற்றுக்குப் பெரும்பாலும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்ற வாய்வழி மருந்து போதும். ஓரிரு நாளில் மறுபடி காட்ட வேண்டும், கைக்குழந்தையானால் சேர்த்துவிடுவதே நல்லது. கண்குழித் தொற்றுக்கு உடனே அனுமதி, நரம்பு வழி மருந்து, சி.டி. ஸ்கேன், சீழ் திரண்டு பார்வை குறைந்தால் அறுவை. சர்க்கரை நோயாளியானால் கருப்புப் பூஞ்சையையும் நினைக்க வேண்டும். 2021-இல் கொரோனாவின் பின்னே வந்த அந்த நோய்க்குப் பாக்டீரியா மருந்து பயன்படாது, ஆம்ஃபோடெரிசின் வேண்டும்.

1970-இல் அமெரிக்க மருத்துவர் சாண்ட்லர் இரண்டையும் ஒரே ஏணியில் வைத்தார்: முதற்படி இமை, ஐந்தாம் படி மூளையடி இரத்தக்குழாய் அடைப்பு. பயனுள்ள பட்டியல்தான், ஆனால் தோலில் பிறந்த இமைத் தொற்று அந்த ஏணியில் ஏறுவது அரிது என்பதால், இவற்றை ஒரே நோயின் படிகளாகக் காண என் மனம் ஒப்பவில்லை. உறவு வேறிடத்தில் இருக்கிறது. ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி) என்னும் கிருமி முன்பு இரண்டுக்கும் காரணமாயிருந்தது. அதன் தடுப்பூசி பரவிய நாடுகளில் அந்தக் கிருமியால் வரும் இரண்டும் குறைந்தன. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்துக்கு வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதுவும் அடக்கம்.

கண்கட்டிக்கு நாமக்கட்டி தடவிவிட்டு ஒரு நாள் பார்ப்போம் என்பது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் விழி அசைய மறுத்தாலோ, முன்தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திராதீர்கள்; அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.